வெட்டாத பக்கங்கள்

அத்தையின் நாவலை மருமகள் அறுபத்து நான்காம் பக்கம் வரை படித்தாள். அங்கே தூக்கம் வந்தது. மறுநாளும் அதே இடத்தில் வந்தது. அதற்கடுத்த நாள் அறுபதிலேயே வந்துவிட்டது.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவள் பல் செய்கிறவள். மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் ஆய்வுக்கூடத்தில் குனிந்து உட்கார்ந்து மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்குவாள். மயிரிழை உயர்ந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்கு வாய் மூடாது. பகலெல்லாம் அப்படி இருந்துவிட்டு வருகிறவளை மூடுபனியில் நிறுத்தி, பனிக்குள் ஒரு நகரம், அதன் அடியில் இன்னொரு நகரம், அதற்கும் அடியில் மணியோசை மட்டும் குடியிருக்கும் மூன்றாவது நகரம் என்று சொன்னால் கண் சொருகத்தான் செய்யும்.

அத்தைக்கு அது பழகிய உலகம். குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் குழாய்க்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்று பார்த்துப் பார்த்தே வயதானவர். ஓய்வு பெற்றதும் குழாய்களெல்லாம் நகரங்களாகிவிட்டன.

அச்சகத்திலிருந்து நான்கு பிரதிகள் வந்தன, கடைசியாக ஒருமுறை பார்த்துச் சொல்ல. தைத்து அட்டையும் போட்டிருந்தார்கள். ஓரம் மட்டும் வெட்டவில்லை. பதினாறு பக்கம் ஒரு மடிப்பு. மடிப்பைக் கத்தியால் கீறினால்தான் உள்ளே போக முடியும். ஆளுக்கொரு பிரதி கொடுத்து அத்தை சொன்னார்:

"அவங்கவங்க கத்தி, அவங்கவங்க பாடு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாயத் திறக்கணும். திங்கக்கிழமை நான் அச்சகத்துக்குச் சரி சொல்லணும்."

மற்றவர்கள் ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. பேருந்து ஓட்டுநராக இருந்த மாமா சாப்பாட்டு மேசையிலேயே தீர்ப்பு எழுதினார். "கதையில படகுக்காரன் வாயத் தொறந்தா படிக்கிறேன். பனி வந்தா ரெண்டு பக்கம் தள்ளிடுறேன். பனியில வண்டி ஓட்டக் கூடாது."

"அப்பா, பனிதான் கதையே!" என்று நாத்தனார் சண்டைக்கு வந்தாள். செவிலியான அவள் பணியிடைவேளைகளில் படித்து, மூன்றாவது நகரத்தில் ஒரு மூச்சு அழுது முடித்திருந்தாள். "எனக்குக் கதையே வேண்டாம்னு தோணுது. யாரோ வந்து பேசி அந்த அமைதியைக் கெடுக்கிறாங்க."

கணவன் வேறு ரகம். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் மூன்று நகரங்களையும் வரைந்து, எந்தப் படிக்கட்டு எங்கே இறங்குகிறது என்று அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தான். "அம்மா, தெற்கு வாசல் ரெண்டு இடத்துல வருது."

"ரெண்டு இருக்குடா. ஒண்ணு பொய்."

"எது பொய்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இவ்வளவு பெரிசா எழுதுறேன்?"

எல்லாவற்றையும் அத்தை சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். மருமகளை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அவள் செய்தது இதுதான். தன் பிரதியைக் கூடத்து அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பக்க அடையாள அட்டையை எடுத்துக் கொஞ்சம் தள்ளிச் செருகினாள். புத்தகம் எங்கே வாய் திறந்ததோ அங்கே. அட்டை நூறை நெருங்கிற்று, இருநூறைத் தாண்டிற்று, நானூறில் நின்றது. அலமாரியைத் துடைக்கிறவர் அத்தை. பார்க்கட்டும் என்றுதான் செய்தாள்.

"பேசாம சொல்லிடேன், தூக்கம் வருதுன்னு," என்றான் கணவன்.

"உங்களுக்கென்ன? நீங்க பிள்ளை. நீங்க சொன்னா அது கருத்து. நான் சொன்னா மாமியார் மருமக சண்டை."

அவன் மறுபடியும் அம்புக்குறி போடப் போனான்.

மூன்று வருடமாக ஒரு வீட்டில் இருக்கிறார்கள். சண்டை வந்ததில்லை. வராமல் பார்த்துக்கொண்டார்கள், இரண்டு பேருமே. கண்ணாடிப் பாத்திரத்தைக் கைமாற்றுகிற மாதிரி ஒவ்வொரு பேச்சையும் கைமாற்றினார்கள். அத்தை பல வருடம் உயிரைக் கொடுத்து எழுதியதைப் பார்த்துக் கொட்டாவி வருகிறது என்று சொன்னால் பாத்திரம் கீழே விழும். அதுதான் அவள் பயம்.

சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் ஒரு முன்பல்லின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மெழுகுக் கத்தி மெல்ல இறங்கியது. சட்டென்று கை நின்றது. இந்தக் கத்தியால்தான் முதல் நான்கு மடிப்புகளைக் கீறினாள். அப்புறம் இதை வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை.

அடையாள அட்டை நானூறில் இருக்கிறது. அறுபத்து நாலுக்கு மேல் ஒரு மடிப்புகூடப் பிரியவில்லை. ஒரு மடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் புத்தகம் தானாகத் திறக்கும். அங்கேதான் அவள் அட்டையைச் செருகிக்கொண்டே போயிருக்கிறாள். உள்ளே ஒட்டிக் கிடப்பதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மயிரிழையைக் கண்டுபிடிக்கிற கண் அதை மட்டும் விட்டுவிட்டது.

கத்தியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். அலமாரியில் மூன்று பிரதிகள் இருந்தன. அவளுடையது இல்லை.

ஞாயிறு காலை, அத்தை தன் அறையிலிருந்து கூப்பிட்டார். "கொஞ்சம் வந்துட்டுப் போம்மா. கதவைச் சாத்திடு."

அவள் கதவைச் சாத்தினாள். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவளுடைய பிரதி. அட்டை நானூறிலேயே நீட்டிக்கொண்டிருந்தது.

"உட்காரு. ஒண்ணு கேட்பேன், உள்ளதைச் சொல்லணும்."

"கேளுங்க அத்தை."

"இதை நீ படிக்கலைதானே?"

பொய் தொண்டை வரை வந்தது. வெட்டாத மடிப்புகளைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. "இல்லை அத்தை."

"வேற யாரோட பிரதியையாவது எடுத்துப் படிச்சியா?"

"இல்லை."

"முந்நூத்திப் பன்னிரண்டாம் பக்கம்?"

"அறுபத்து நாலைத் தாண்டலை அத்தை. மன்னிச்சிடுங்க. ஒவ்வொரு நாளும் உட்கார்ந்தேன். பனி வந்ததும்..."

"அப்பாடா!"

அத்தை அப்படியே தலையணையில் சாய்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு வந்தவள் அவள்.

"அட்டை முந்நூறைத் தாண்டின நாள்லேருந்து எனக்குச் சோறு இறங்கலை," என்றார் அத்தை. "படிச்சிட்டா, படிச்சிட்டுத்தான் வாயத் திறக்காம இருக்கான்னு நினைச்சேன். கோபமா, வருத்தமான்னு உன் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். நேத்து எடுத்துப் பார்த்தா மடிப்பு மடிப்பா அப்படியே இருக்கு. எனக்கு உயிர் வந்துச்சு."

"அப்படி என்ன இருக்கு அந்தப் பக்கத்துல?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு எடுத்துடச் சொல்றேன்."

"இப்பதான் அத்தை படிக்கணும்போல இருக்கு."

"வேண்டாம்."

"கொடுங்க அத்தை."

மூன்று வருடத்தில் முதல்முறையாக அவள் அத்தையிடமிருந்து ஒரு பொருளைப் பிடுங்கினாள். ஓடிப்போய்க் கைப்பையிலிருந்து மெழுகுக் கத்தியை எடுத்து வந்தாள். மடிப்பு பிரிந்தது. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது நகரத்தில், படிக்கட்டுகள் முடியும் இடத்தில், ஒருத்தி பல் செய்கிறாள். பேச்சை இழந்தவர்கள் அவளிடம் வருவார்கள். யார், எவர் என்று அவள் கேட்பதில்லை. வாயைத் திறக்கச் சொல்வாள், அளவெடுப்பாள், அனுப்பிவிடுவாள். ஊருக்கெல்லாம் பல் செய்கிறவள், பல் தெரிய ஒருநாளும் சிரித்ததில்லை. அவள் அறைக்குள் பனி நுழைவதில்லை. வாசல்வரை வந்து, காலைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் போய்விடும்.

இரண்டு பக்கம்தான். கொட்டாவி விடாமல் படித்தாள். திரும்பவும் ஒருமுறை படித்தாள்.

"இது நான்தானே?"

"கல்யாணமான புதுசுல எழுதினது," என்றார் அத்தை, ஜன்னலைப் பார்த்தே. "நீ வந்து ஆறு மாசம் சிரிக்கவே இல்லை. எனக்கு எரிச்சலா இருந்துச்சு. எழுதிட்டேன்."

"பயம் அத்தை. சிரிச்சா என்ன நினைப்பீங்களோன்னு."

"எனக்கு மட்டும் என்னவாம்?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அத்தை திரும்பினார். அவளுடைய பல் வரிசை முழுவதும் தெரிந்தது. அத்தைக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணில் நீர் வரும்வரை இருவரும் சிரித்தார்கள்.

கதவுக்கு வெளியே மாமாவின் குரல் கேட்டது. "உள்ள யாராவது உயிரோட இருக்கீங்களா? சாப்பாடு ஆறுது."

"அந்தப் பக்கத்தை எடுக்காதீங்க அத்தை," என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"கோபம் இல்லையே?"

"இருக்கு. ஆனா பனியைத் திருப்பி அனுப்புறாளே, அவளை எனக்குப் பிடிச்சிருக்கு."

மேசையில் எல்லோரும் உட்கார்ந்ததும் அத்தை தண்ணீர்க் குவளையைத் தட்டினார். "உன் கருத்து மட்டும் பாக்கி."

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். அவள் சொன்னாள்: "எனக்குத் தூக்கம் வருது அத்தை."

மாமா மேசையில் ஓங்கித் தட்டினார். "வீட்டுல ரெண்டு பேராச்சு!"

"உங்களைச் சேர்க்காதீங்க. நீங்க தள்ளிட்டுப் போற ஆளு," என்றார் அத்தை. "அவ உள்ள போய்த் தூங்குறா."

நாத்தனாருக்குத்தான் மனம் ஆறவில்லை. "அந்த மணியோசை வரைக்குமாவது வாங்க அண்ணி. அதுக்கப்புறம் தூங்குங்க."

"அது எத்தனையாம் பக்கம்?"

"ஐந்நூறைத் தாண்டணும்."

"பார்க்கலாம்."

சாப்பிட்டதும் அவள் கூடத்துச் சாய்நாற்காலியில் புத்தகமும் கத்தியுமாக உட்கார்ந்தாள். அறுபத்து நாலுக்கு அடுத்த மடிப்பைக் கீறினாள். பனி வந்தது. இந்த முறை அவள் எதிர்த்து நிற்கவில்லை.

அத்தை துடைக்கும் துணியோடு கூடத்துக்கு வந்தார். புத்தகம் அவள் மார்பின்மேல் கவிழ்ந்து கிடந்தது. மெல்ல எடுத்துப் பார்த்தார். அறுபத்து ஏழு. நானூறில் நின்ற அட்டையை உருவி அங்கே வைத்து, புத்தகத்தை மூடினார். கத்தியை எடுத்து, அவள் கைபடாத இடமாகத் தள்ளி வைத்தார்.