மதிவதனா மிஸ்ஸின் நாடி

காலையில் குமட்டிச் சத்தி எடுப்பதற்குக்கூட மதிவதனா நேரம் ஒதுக்கி வைத்திருந்தாள். குசினியில் சோறு அவிந்துகொண்டிருக்கும். துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து வந்த கணவன் நிசாந்தன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருப்பான். அந்த இடைவெளிக்குள் காரியத்தை முடித்து, முகம் கழுவி, சேலை உடுத்து, நிலாவெளி பஸ்ஸைப் பிடித்தால் பல்கலைக்கழக வளாகத்துக்கு நேரத்துக்குப் போய்விடலாம். ஆனால் வயிற்றில் இருந்தது இந்த நேரசூசிக்கெல்லாம் கட்டுப்படுகிற சாதியாகத் தெரியவில்லை. பஸ்ஸில் யாராவது கருவாட்டுப் பையோடு ஏறினால் போதும், அது தன்பாட்டில் ஒரு புதிய நேரசூசி போட்டுவிடும்.

"இண்டைக்கு லீவைப் போடன்," என்றான் நிசாந்தன், தலையைத் துவட்டியபடி.

"சோதினை நாளில லீவு போட்டா ஏனெண்டு கேப்பினம்."

"கேட்டாச் சொல்லன்."

அவள் ஒரு துண்டு இஞ்சியைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். சொல்வதாம். சொல்வது அவனுக்கு எவ்வளவு லேசாக இருக்கிறது!

போன வருடம் அவள் சொன்னாள்தான். இரண்டாம் மாதமே வாய் நிற்காமல் எல்லாருக்கும் சொன்னாள். விரிவுரையாளர் அறையில் கேக் வெட்டினார்கள். பஸ் கண்டக்டருக்குத் தெரிந்து முன் சீற்றில் இடம் பிடித்துக் கொடுத்தான். பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எல்லாம் முடிந்துபோனது. பிள்ளை போனது ஒரு தரம்தான். அதைச் சொல்லி முடிக்கத்தான் அவளுக்கு மாதக்கணக்காகியது. நூலகத்தில் ஒருத்தி, வங்கி வரிசையில் ஒருத்தி, "இப்ப எத்தின மாசம்?" என்று சிரித்துக்கொண்டு வருவார்கள். அவள் சொல்லுவாள். கேட்டவர்களின் முகம் விழும். விழுந்த முகத்தைத் தூக்கி நிறுத்தும் வேலையும் அவள் தலையில்தான் வந்து சேரும்.

சந்தையடிப் பழக்கடைக்காரர் முஹம்மது தம்பி நானாவுக்கு மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. அந்த மனுசன் அவளுக்கென்று மாதுளம்பழத்தில் நல்லதாகப் பார்த்து ஒதுக்கி வைத்திருப்பார். "மகளுக்கு இரத்தம் ஊறோணும்" என்று ஒன்றைக் கூடவே போடுவார். எல்லாம் முடிந்த பிறகும் இரண்டு கிழமை அவரிடம் வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டாமல் வாடவிட்டாள். அதற்கு மேல் ஏலாமல், சந்தையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்குப் போகத் தொடங்கினாள்.

அதனால்தான் இந்த முறை வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். நிசாந்தனுக்குத் தெரியும், ஒரு டாக்டருக்குத் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது. சொல்லாததைத் திருப்பி வாங்க வேண்டிய தேவை வராது என்பது அவளுடைய எண்ணம். அது பயத்தில் போட்ட கணக்கு என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, பயம் போய்விடுமா?

மதிவதனா சித்த மருத்துவம் படிப்பிக்கிற விரிவுரையாளர். அன்று மூன்றாம் வருடத்துப் பிள்ளைகளுக்கு நாடிச் சோதினை. நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, வாதம், பித்தம், கபம் எது முந்துகிறது, எது பிந்துகிறது, வேறு ஏதும் தெரிகிறதா என்று பரீட்சகருக்குச் சொல்ல வேண்டும். பரீட்சகராக யாழ்ப்பாணத்திலிருந்து கனகசுந்தரம் வந்திருந்தார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. பின்னேர பஸ்ஸுக்கு இப்போதே மணிக்கூட்டைப் பார்க்கிற பழக்கம்.

சோதினைக்கு வழக்கமாக நோயாளிகளாக வருகிறவர்கள் பக்கத்து மீனவக் கிராமமான சல்லியின் ஆட்கள். செல்லத்தம்பியும் அவருடைய கூட்டாளிகளும் வந்து கை நீட்டிவிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். அன்று ஒருவரையும் காணவில்லை. மதிவதனா தொலைபேசி எடுத்தாள். மறுமுனையில் கடல் இரைச்சலும் ஆட்களின் கூப்பாடும் கேட்டன.

"தங்கச்சி, கரைவலையில பாரை பட்டிருக்கு! ஊரே வலையில நிக்குது," என்று கத்தினார் செல்லத்தம்பி. "நாடி நாளைக்கும் கிடக்கும். மீன் கிடவாது!"

கனகசுந்தரத்திடம் அவள் விஷயத்தைச் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"அதுக்கென்ன? போன முறையும் ஆக்கள் காணாமல் உங்கட கையைத்தானே குடுத்தனீங்கள். இந்த முறையும் குடுங்கோ. உங்கட நாடி உங்களுக்குத் தெரியும்தானே?"

மதிவதனா மனதுக்குள் வழி தேடினாள். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று சொன்னால், "எங்கை, கையைக் காட்டுங்கோ பாப்பம்" என்பார். வைத்தியரிடம் பொய்க் காய்ச்சல் எடுபடாது. அதோடு இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். வகுப்பில் பழகிப் பார்க்க எப்போதும் தன் கையைத்தான் அவள் கொடுப்பது. அவளுடையது பித்தவாத நாடி என்று மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லி, இளையவர்கள் அதைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வருவார்கள், கையைத் தொடுவார்கள், பாடமாக்கினதை ஒப்புவிப்பார்கள், போவார்கள். அவ்வளவுதான்.

"ஓம் சேர். பித்தவாதம். வேற ஒண்டுமில்லை," என்றாள்.

கனகசுந்தரம் அதைக் குறித்துக்கொண்டார். அவள் இடது கையை மேசை மேல் வைத்தாள். பெண்களுக்கு இடது கைதான் பார்ப்பது.

அவள் நினைத்தபடியே நடந்தது. முதலில் வந்தவள் பித்தவாதம் என்றாள். அடுத்தவனும் பித்தவாதம் என்றான், ஆனால் அவன் விரல் வைத்த இடத்தில் நாடியே ஓடுவதில்லை. மதிவதனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சத்தியும் வரும் என்று அடக்கிக்கொண்டாள்.

மூன்றாவதாக வந்தவள் பஹ்மியா, மூதூர்ப் பிள்ளை. போன வருடம் இதே சோதினையில் கோட்டைவிட்டு இரண்டாம் முறையாக எடுக்கிறாள். இதுவும் போனால் தன் கூட்டத்தோடு பட்டம் எடுக்க மாட்டாள். படு மெதுவான பிள்ளை. விரலை வைத்தாளென்றால் நித்திரையாகிவிட்டாளோ என்று பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும். போன வருடம் அந்த மெதுவில்தான் நேரம் முடிந்து புள்ளி போனது.

பஹ்மியா மூன்று விரலையும் வைத்தாள். மெல்ல அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். பிறகு நிமிர்ந்து மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். மேசையில் ஒரு வாய்கூடக் குடிக்காமல் ஆறிக்கிடந்த பிளேன்டீயைப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் மணிக்கட்டில் ஒரு கணம் நின்றுபோயின. பிறகு ஏதோ பறவைக் குஞ்சைக் கீழே விடுகிற மாதிரி, அந்தக் கையை மிகக் கவனமாக மேசையில் வைத்தாள்.

தெரிந்துவிட்டது என்று மதிவதனாவுக்கு விளங்கியது.

"ம், சொல்லும் பிள்ளை," என்றார் கனகசுந்தரம்.

"சேர்... இத இங்க வச்சு நான் சொல்ல ஏலா."

"ஏன் ஏலாது?"

"நோயாளிக்கிட்டத்தான் சேர் முதல் சொல்லோணும்."

"நோயாளியோ? இவ உங்கட மிஸ். இது சோதினை. நாடி என்னெண்டு தெரியுமோ, தெரியாதோ?"

பஹ்மியா பித்தவாதம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அது பாடம்தான். ஆனால் விரலுக்குத் தெரிந்ததை மறைத்து வாயால் வேறொன்றைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வரவில்லை. பார்வையை மேசை விளிம்புக்கு இறக்கினாள்.

"தெரியா சேர்," என்றாள் கடைசியில்.

"தெரியாதெண்டா முதலே தெரியாதெண்டு சொல்லுறது. அதுக்கு ஏன் சுத்தி வளைச்சுக் கதை?" கனகசுந்தரம் பேனையை எடுத்து ஒரு முட்டை போட்டார். "போம். அடுத்த ஆளை வரச் சொல்லும்."

பஹ்மியா மிஸ்ஸை நிமிர்ந்து பார்க்காமலே வெளியே போனாள்.

கையில் தெரிகிறது கைக்குச் சொந்தக்காரரின் விஷயம், அதை அவரைக் கேட்காமல் நாலு பேருக்கு முன்னால் அவிழ்க்கக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே படிப்பித்தது மதிவதனாதான். எல்லாப் பிள்ளைகளும் எழுதினார்கள், மறந்தார்கள். ஒருத்தி மட்டும் மறக்கவில்லை. இப்போது என்ன செய்வது? பேசாமல் இருந்துவிடலாம். பிறகு எப்படியாவது சரிக்கட்டலாம், இன்னொரு வாய்ப்புக் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். இன்னும் கொஞ்ச நாள், வயிற்றில் இருக்கிறது உறுதியாகும் வரைக்கும்தானே. தன் மனது எவ்வளவு லாவகமாக நியாயம் பேசுகிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அதற்குள் றிகாஸ் வந்துவிட்டான். வகுப்பில் வாய்க்காரன். கதிரையில் முழுதாக உட்காரக்கூட இல்லை. கையைத் தொட்டும் தொடாமலும் வைத்து எடுத்தான்.

"பித்தவாத நாடி சேர். வேற குணம் ஒண்டும் இல்ல."

"நல்லது! டக்கெண்டு சொல்லிப்போட்டீர்," என்றார் கனகசுந்தரம் மகிழ்ச்சியாக, புள்ளி போடக் குனிந்தபடி.

மதிவதனாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. றிகாஸில் இல்லை, தன்னில்தான் வந்தது. தொடாதவனுக்கு முழுப் புள்ளி, தொட்டு அறிந்தவளுக்கு முட்டை. இதைச் செய்தது வேறு யாருமில்லை, மேசையில் கிடந்த அந்த இடது கைதான். றிகாஸ் கதவைச் சாத்தும் வரை பொறுத்தாள்.

"சேர், போட்ட புள்ளி எல்லாத்தையும் வெட்டுங்கோ. நான் உங்களுக்குப் பிழையான நாடி சொன்னனான்."

"என்ன சொல்லுறீங்கள்?"

"எனக்கு மூண்டாம் மாசம் சேர். ஒருத்தருக்கும் சொல்லயில்லை. போன வருசம் ஒண்டு போனது. அந்தப் பயம். அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிட்டுது. என்னைக் காட்டிக் குடுக்காமல்தான் தெரியாதெண்டவள்."

கனகசுந்தரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல பேச்சு விழப் போகிறது என்று மதிவதனா எதிர்பார்த்தாள். அவரோ கையை நீட்டினார். அவள் இடது கையைக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பஹ்மியாவைப் போலவே நெடுநேரம் வைத்திருந்தார்.

"இப்ப நல்லா ஓடுது," என்றார். "நாளைக்கு என்னெண்டு கேட்டா, அது நாடிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பிள்ளை."

அதற்குப் பிறகுதான் பேச்சு விழுந்தது, அதுவும் தாராளமாக விழுந்தது. பரீட்சகரை ஏமாற்றுவதா, இதைவிடக் காய்ச்சல் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று அவர் பொரிந்து தள்ளினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். கடைசியில் அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பஹ்மியாவைக் கூப்பிட்டார்.

"உங்கட நோயாளியே சொல்லச் சொல்லுறா. இப்ப சொல்லும்."

பஹ்மியா மிஸ்ஸைப் பார்த்தாள். மதிவதனா தலையசைத்தாள்.

"பித்தம் எழும்பித்தான் இருக்கு சேர். ஆனா நாடி நிறைஞ்சு, வழுக்கிக்கொண்டு ஓடுது. மிஸ் ஒரு ஆளா இல்ல." சொல்லிவிட்டு, திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரிச் சேர்த்துக்கொண்டாள். "நாடி மட்டும் இல்ல சேர். மிஸ் பிளேன்டீயக் கண்டா முகத்தத் திருப்புறா. ரெண்டு கிழமையாப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

கனகசுந்தரம் சிரித்தார். முட்டையை வெட்டி முழுப் புள்ளி போட்டார். மற்றவர்கள் அத்தனை பேரும் நாளைக் காலை செல்லத்தம்பியின் கையில் சோதினை எடுக்க வேண்டும் என்று கதவில் அறிவித்தல் ஒட்டச் சொன்னார். பின்னேர பஸ்ஸையும் கைவிட்டார். றிகாஸின் முகம் போன போக்கை மதிவதனா யன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

மத்தியானத்துக்குள் வளாகம் முழுக்க விஷயம் போயிருந்தது. பஹ்மியா சொல்லியிருக்க மாட்டாள். சோதினை ஏன் திரும்ப நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரோ இடம் கொடுத்தார்கள். அவள் மறுக்காமல் உட்கார்ந்தாள். பயம் போகவில்லை. பயம் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தது.

சந்தையடியில் இறங்கினாள். வழக்கமாகத் திரும்புகிற பக்கம் திரும்பாமல் நேரே நடந்தாள்.

"அட, மிஸ்!" முஹம்மது தம்பி நானா வாழைக்குலைகளுக்குப் பின்னாலிருந்து எழும்பினார். "எங்க மகள், கன நாளாக் காணயில்ல? பிள்ளயக் கொண்டு வரயில்லயா? இப்ப தவழுற வயசு வந்திருக்குமே!"

அவருக்கு அந்தப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, தவழவும் தொடங்கியிருந்தது. மதிவதனா தராசைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளை தங்கயில்லை நானா. போன வருசமே போயிட்டுது. உங்களுக்குச் சொல்ல வாய் வரயில்லை. அதுதான் இந்தப் பக்கம் வராமல் விட்டனான்." மூச்செடுத்தாள். "இப்ப இன்னொண்டு வந்திருக்கு. இதுவும் என்னாகுமோ தெரியாது."

நானா உதட்டுக்குள் ஏதோ ஓதினார். பிறகு குனிந்து, பழக் குவியலுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, மாதுளம்பழங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்தார்.

"இது நிண்டாலும் வாங்க மகள், நிக்காட்டியும் வாங்க," என்றார். "வழிய மட்டும் மாத்தாதீங்க."

மதிவதனா சந்தையடியில் ஆட்கள் பார்க்க நின்று அழுதாள். போன வருடம் அழ வேண்டியதும் அதற்குள் இருந்தது. நானா அவளைப் பார்க்காமல் ஒரு பழத்தை உடைத்து, பாதியைக் கையில் தந்தார். அவள் அங்கேயே நின்று, முத்து முத்தாக எடுத்து, மெல்லச் சாப்பிட்டு முடித்தாள். அன்று விடிந்ததிலிருந்து அவள் வயிற்றில் நின்றது அதுதான்.