ஏணி வைத்துக் கறந்த பால்

"அந்தச் சரிவ எங்க அஞ்சு பொம்பளைங்க பேருக்கும் எழுதிக் குடுங்க சேர்" என்று ஜெனிஸ்டா கேட்டபோது, அவளுடைய அம்மாவின் பசு தோட்ட ஆபீஸின் தகரக் கூரைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. கயிறு வாசல் தூணில் கட்டியிருந்தது. தோட்டத்தை நடத்தும் துரையிடம் எதையும் கேள், காணியை மட்டும் கேட்காதே என்று அம்மா சவரியம்மா சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து விவசாயம் படித்துப் பட்டம் வாங்கிய முதல் பிள்ளை ஜெனிஸ்டா. மெதுவாகப் பேசத் தெரியாதவள்.

இரத்தோட்டைக்கு மேலே, தேயிலை கைவிடப்பட்ட சரிவில் மேய்ச்சல் புல் போடலாம் என்பது துரையின் யோசனை. மாடுகள் சவரியம்மாவோடு சேர்த்து ஐந்து பெண்களுடையவை, நிலம் தோட்டத்துடையது. புல் விதையும் அவரையினக் கொடி விதையும் வந்திறங்கின. ஜெனிஸ்டா இரண்டிலும் நூறு நூறு எண்ணி ஈரச்சாக்கில் சுற்றி வைத்தாள். கொடி ஏறக்குறைய முழுவதும் முளைத்தது. புல்லில் முப்பதுதான். மூட்டையின் எடை விதையல்ல, முளைப்பதுதான் விதை. ஆகவே புல்லை மூன்று மடங்காக்கிக் கொடியைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மாட்டுக்கு வயிறு உப்பும் என்றாள். "பையில உள்ள அளவு கம்பனிக்காரன் போட்டது. அவனவிட ஒனக்குத் தெரியுமா?" என்றார் துரை. பையில் உள்ளபடியே தூவினார்கள்.

மழை ஓய்ந்ததும் சரிவு முழுக்கக் கொடியே படர்ந்தது. மாடுகள் ஆசையாக மேய்ந்தன, உப்பின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனங்கள் திரும்பியபோது ஐந்தும் லயக் கூரைக்கு மேலே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. வயிறு உப்புவது மாட்டுக்குப் புதிதல்ல என்று சொல்லிவிட்டு மிருக வைத்தியர் போய்விட்டார். வேறு தீனி இல்லாததால் அதே கொடியை அறுத்து மூங்கிலில் கட்டி நீட்டினார்கள். பால் எடுக்க வரும் அன்ஸார் நானா லொறியில் ஏணி கொண்டுவந்தார். "பட்டம் வாங்கின புள்ள மாட்டையே பட்டமா விட்டுட்டாளே" என்று பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள் சிரித்தார்கள். "கணக்கு என்னோடது இல்ல, தொரையோடது!" என்று அவள் கத்தியது கீழ் லயம்வரை கேட்டது.

இப்போது ஆபீஸில் துரை நாற்காலியைவிட்டு எழவில்லை. "மொதல்ல மாட்ட எறக்கு. மத்தத பொறகு பாப்பம்."

"எங்கம்மா கொழுந்துக் கூடையோட நின்னப்பவும் இதே பொறகுதான் சேர்."

"ஒங்கம்மாவே கேக்காதத நீ கேக்குறியா?"

"அவங்க கேக்கல. அதான் நான் கேக்குறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

"இல்ல."

வாசலில் நின்ற சவரியம்மாவின் காதிலும் அது விழுந்தது. விழட்டும் என்றுதான் ஜெனிஸ்டா வந்திருந்தாள். மற்றதெல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஏணி ஏறி அலுத்துப்போன அன்ஸார் நானா, பலாபத்வலையில் சும்மா கிடந்த தன் மிளகுக் காணியை ஐந்து பெண்களின் பேரிலும் குத்தகைக்கு எழுதியிருந்தார். அங்கே அவள் கணக்குப்படி தூவிய புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. அதைத் தின்றால் மாடுகள் தானாக இறங்கும்.

தூணிலிருந்து கயிற்றை அவிழ்த்து அம்மாவின் கையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். "நடம்மா." பின்னால், வெளியே காத்திருந்த மற்ற நான்கு பெண்களும் தங்கள் கயிறுகளில் மிதந்த மாடுகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ரோட்டில் மாத்தளை பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தான்.

"அக்கா, கயித்தக் கட்டையாப் புடிங்க, கரண்ட் கம்பி இருக்கு!"

ஜெனிஸ்டா கயிற்றை எட்டிப் பிடித்து இரண்டு முழம் இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.