கேட்டவளுக்குத்தான் தண்ணீர்

பெற்ற தாய் வீட்டு வாசலில் வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்க வேண்டும் என்று எந்த மகளுக்காவது தோன்றுமா? ஹேமலதாவுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு.

பாலாறு வெறும் மணலாகக் கிடந்து எத்தனையோ காலமாகிறது. ஆனால் ஆடிப் பதினெட்டு விடியற்காலையில் ஹேமலதாவின் அம்மா கண்ணம்மாள் போய் மணலில் கை வைத்தால் ஊற்று கண் திறக்கும். ஒரே ஒரு சொம்புத் தண்ணீர். கரையோரத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு வாடை துளியும் இருக்காது. அதைக் குடித்து ஊமை பேசியிருக்கிறான், கண்ணை மூடப்போன கிழவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டிருக்கிறார். யார் முதலில் வந்து கண்ணம்மாள் வாசலில் வெற்றிலை வைத்து "கேக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்கிறார்களோ, அந்த வருஷத் தண்ணீர் அவர்களுக்கு. வெளியே தெரிந்தால் ஊரே கூடிவிடும் என்று குடித்தவர்கள் வாயைத் திறப்பதில்லை.

ஹேமலதாவின் மகன் சூரியபிரகாஷுக்கு நாலு வயது. இன்னும் கால் ஊன்றவில்லை. வேலூரில் அவள் காட்டாத டாக்டர் இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் ஆடி எப்போது வரும் என்பதே நினைப்பு. ஞாயிறானால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். கண்ணம்மாள் பேரனை மடியில் போட்டு, எண்ணெய் தேய்த்து, காலை நீவிக்கொண்டே அழுவாள். அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதைக் கண்ணால் பார்த்தபிறகு தனியாகக் கேட்க என்ன இருக்கிறது?

அந்தத் தைரியத்தில்தான் பக்கத்து மிஷின் ஜோதியிடம் ஊற்றைப் பற்றிச் சொன்னாள். ஜோதியின் மகளுக்கு அடிக்கடி வலிப்பு வரும். "அடுத்த வருஷம் நீயும் போய் கேளுடி," என்றாள் ஹேமலதா பெரிய மனசோடு. ஜோதி அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கவில்லை.

ஆடிப் பதினெட்டன்று ஹேமலதா பிள்ளையோடு ஆற்றில் இறங்கியபோது ஜோதியின் மகள் சொம்பை அண்ணாந்து குடித்து முடித்திருந்தாள். ஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக்கூட விட்டுவிடலாம், பிள்ளைக்காகச் செய்தாள். தன்னைப் பெற்ற அம்மா இப்படிச் செய்யலாமா?

அம்மா வீட்டுக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், வாசலில் கேட்டாள்.

"இன்னாம்மா இது? எம் புள்ள உன் கண்ணுக்குத் தெரியலியா?"

"நீ கேக்கலியேடி." கண்ணம்மாளின் குரல் உடைந்திருந்தது. "போன ஆடியிலேர்ந்து நீ வாயத் தொறப்பியான்னு பாத்துனே இருந்தேன். அதுக்குள்ள அவ வந்து வெத்தல வெச்சிட்டா."

"கேளுடின்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நானா சொல்லி சொந்தத்துக்குக் குடுத்தா, அந்த ஒரு சொம்போட ஊத்து அடைஞ்சிடும். அப்புறம் யாருக்குமே இல்ல."

"அந்த ஒரு சொம்பு போதுமேம்மா எனக்கு. அடைஞ்சா அடைஞ்சிட்டுப் போவுது."

கண்ணம்மாளின் பார்வை ஆற்றுப் பக்கம் போனது. ஹேமலதாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊற்றா பேரனா என்று ஒரு வருஷமாக யோசித்து, அம்மா ஊற்றை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் அவன் காலை நீவிக்கொண்டே. பாவி, எப்படி மனசு வந்தது? இந்த வாசலையே மிதிக்காமல் போய்விடலாம்தான். அப்புறம் பிள்ளை எப்போது நடப்பான்?

தெருமுனைக் கடைக்குப் போய் வெற்றிலை பாக்கு வாங்கி வந்து படியில் வைத்தாள்.

"அடுத்த ஆடிக்கு, கேக்கறேன்."

கண்ணம்மாள் பாய்ந்து வந்து வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இதுக்குத்தான்டி தவம் கெடந்தேன். இனிமே யார் வந்து நின்னாலும் தண்ணி எம் பேரனுக்குத்தான். உள்ள வா. கொழம்பு வெச்சிருக்கேன், சாப்ட்டு போ."

ஹேமலதா பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கேக்க வர்றவங்களுக்கெல்லாம் நீ சோறு போடறதில்லியே," என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.