ஒரு கைமாற்றும் ஒரு கருகிய சட்டையும்

தையல்காரர் இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் முதுகில் வைத்துவிட்டு, எதிரே இருந்த சுவரிடம் கடனைத் திருப்பிக் கேட்டுப் பழகிக்கொண்டிருந்தார். "என்னடா, அந்தப் பணம்..." என்று ஆரம்பித்தார். அது கொஞ்சம் கறாராகப் படவே, முன்னால் ஒரு "தப்பா எடுத்துக்காதே" சேர்த்தார். சேர்த்து முடிப்பதற்குள் புகை வந்துவிட்டது.

வெள்ளைச் சட்டையின் முதுகில் பெட்டியின் அச்சு, கூர் முனைகூட மழுங்காமல் பழுப்பாக விழுந்திருந்தது. காலர் திருப்பித் தைக்க வந்த சட்டை. ஊரில் எத்தனையோ பேர் சட்டை கொடுக்கிறார்கள்; கருகுவதற்கென்று, அவரிடம் கடன் வாங்கிய மெக்கானிக்கின் சட்டைதான் கிடைத்தது. அவர் ராசி அப்படி.

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஷெட்டுக்குக் கம்ப்ரசர் வாங்க அவன் கைமாற்றாகக் கேட்டபோது, ஒற்றைப் பட்டன் தைத்தால்கூட ரசீது போடுகிற தையல்காரர், சிநேகிதனிடம் போய்ப் பத்திரமா என்று பெருந்தன்மையாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கேட்கப் போன நாளெல்லாம் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்.

இப்போது ஒரு பள்ளிக்கூடம் யூனிஃபார்ம் ஆர்டர் தர முன்வந்திருந்தது. அதற்கு ஓவர்லாக் மிஷின் வேண்டும். வாரக் கடைசிக்குள் மிஷினுக்கு முன்பணம் கட்டாவிட்டால் ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

உள்ளே காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி, வாசனை பிடித்து வந்து சட்டையைப் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவரு நமக்குத் தரணும்னு இருந்தது. இப்ப நாம அவருக்குத் தரணும். நல்ல முன்னேற்றம்," என்றார். "போய் புதுச் சட்டைக்கு அளவெடுத்துட்டு வாங்க. பணம் எப்ப வரும்னு பதிலும் வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா இனிமே காஜாவையும் நீங்களே எடுத்துக்குங்க."

காஜா எடுப்பது தையல்காரருக்கு ஜென்மத்துக்கும் வராது.

ஷெட்டில், காருக்கு அடியிலிருந்து வெளியே வந்த மெக்கானிக் சட்டைக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்றதும், கிரீஸ் கைகள் துணியில் படாமல் இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றான். மார்பைச் சுற்றி டேப்பைப் போட்ட தையல்காரருக்குத் திக்கென்றது. பழைய அளவுக்கு ஆளே இல்லை. சாப்பாட்டுக்கே திண்டாடுகிறானோ? இவனிடம் போய்ப் பணம் கேட்பதா?

"என்னடா இப்படி இளைச்சுட்டே?"

"சுகர்டா. டாக்டர் வாயைக் கட்டச் சொல்லிட்டாரு."

இருந்த ஒரே சாக்கும் போயிற்று. டேப் இப்போது கழுத்தளவுக்கு வந்திருந்தது. தையல்காரர் காஜாவை நினைத்துக்கொண்டார்.

"அந்தப் பணத்தை எப்படா தருவே?"

"வந்துடும்டா."

"வந்துடும்னா அது என்ன பஸ்ஸா? எனக்கு மிஷின் வாங்கணும். என்னிக்குத் தருவே, சொல்லு."

டேப்பின் இரண்டு முனைகளும் அவர் கையில் இருந்தன. அவற்றை விடவில்லை. மெக்கானிக் சிரிக்கவில்லை.

"இப்பத்தான்டா முதல் தடவையா கேக்கறே," என்றான். "வரும்போதெல்லாம் தொழில் எப்படிப் போகுதுன்னு கேட்டே. நானும் நல்லாப் போகுதுன்னு சொன்னேன். உனக்கு அவசரம் இல்லைன்னு நெனைச்சுக்கிட்டேன். அப்படி நெனைக்கறது எனக்கும் வசதியா இருந்துச்சு."

விரித்த கைகளை மெல்லக் கீழே இறக்கினான்.

"முழுசா இல்ல. பாதி இருக்கு, நாளைக்குக் காலைல கடைக்கு வந்து தர்றேன். மீதியை மாசாமாசம் ஷெட்டுப் பசங்களுக்குச் சம்பளம் போடற அன்னிக்கே உனக்கும் தந்துடறேன். பட்டனுக்கே ரசீது போடற ஆளு நீ. எனக்கும் ஒண்ணு போடு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."