அந்த மஞ்சள் மரம் வரைக்கும்

குமுதினி ஆசைப்பட்டது ஒரேயொரு நாளுக்குத்தான். கணவன் சண்முகராசாவோடு, பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லாமல், ஒரு நாள். இதைப் போய் யாரிடம் கேட்பது? கேட்டால் சிரிக்கமாட்டார்களா? கலியாணம் கட்டி ஒரே மகளைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பியான பிறகு இதென்ன ஆசை என்று அவளே சில நேரம் தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

லண்டனில், மிச்சம் என்று பெயர் கொண்ட பகுதியில் அவர்களுடைய வீடு ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. விசா கிடைத்து வந்தவன், விசா கிடைக்காமல் வந்தவன், பாரிசில் இருந்து கடை போட வந்தவன், வேலை கிடைக்கும் வரைக்கும் என்று வந்து நான்கு வருடம் இருந்தவன் என்று யாராவது இருந்துகொண்டே இருந்தார்கள். மகள் படிக்கப் போன அதே வாரம் அவளுடைய அறைக்கு டொலறஸ் அக்கா வந்துவிட்டாள். மன்னாரைச் சேர்ந்த விதவை. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. நல்ல மனுசிதான். ஆனாலும் குமுதினியும் கணவனும் தனியே பேசிக்கொள்ள மிஞ்சியது, படுக்கப் போய் விளக்கை அணைத்த பிறகு கிடைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான். அதற்குள்ளும் அவன் உறங்கிவிடுவான்.

மொத்த வியாபாரக் கடையில் கொடுத்த கலண்டரில் அந்த வருடம் ஒக்டோபருக்கு ஒரு காட்டுப் படம் வந்தது. ஸ்கொட்லாந்தின் வடக்கே ஏதோ ஒரு பள்ளத்தாக்கு. மஞ்சளும் சிவப்பும் செம்பு நிறமுமாக மரங்கள், நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. குமுதினி அதைச் சமையலறையில் மாட்டி, மாதம் பிறப்பதற்கு முன்னமே ஒக்டோபர் பக்கத்தைப் புரட்டி வைத்தாள். ஒருநாள் சண்முகராசா அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். போவோமா என்று அவள் கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் என்று மெல்லச் சொன்னாள். அவன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஓம், போவம் என்றான்.

ஆனால் சண்முகராசாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கே வெளிக்கிட்டாலும் கண்ட ஆளிடமெல்லாம், "வாறியளோ?" என்று கேட்டுவிடுவான். நம் சனத்துக்கு அது ஒரு மரியாதை. கேட்கிறவரும் சும்மா கேட்பார், மற்றவரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார். சண்முகராசா கேட்டால் மட்டும் சனம் ஓம் என்றுவிடும், அவன் இரண்டாம் முறையும் கேட்பான் என்பதால்.

வெளிக்கிடும் காலையில் வாசலில் பெரிய வான் வண்டி ஒன்று நின்றது. அவனுடைய தமையன் அம்பலவாணன் குடும்பம், டொலறஸ் அக்கா, பக்கத்து வீட்டு நரசிம்மன். நரசிம்மன் திருச்சிக்காரன், கம்ப்யூட்டர் வேலை, தோளில் புதுக் கமரா. வானின் பின்பக்கம் முழுக்க அரிசி, காஸ் அடுப்பு, புட்டுப் பானை. குமுதினி அதையெல்லாம் ஒருமுறை பார்த்தாள். தேநீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் இருந்தாள்.

அன்று முழுவதும் ஓடி இன்வர்னஸ் நகரில் படுத்தார்கள். மறுநாள் காலை மேற்கே திரும்பியதும் ஊர்கள் குறைந்தன. வீடுகளும் மறைந்தன. பிறகு மரங்கள்தான். கலண்டர்க்காரன் பொய் சொல்லவில்லை. மலைச்சரிவெல்லாம் ஆயிரம் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது. வானுக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்பலவாணன் பெற்றோல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். குமுதினி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். அவள் ஆசைப்பட்ட காடு அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

டொலறஸ் அக்கா குமுதினியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

காட்டின் ஓரத்தில், கார்கள் நிறுத்தும் இடத்தில் உட்கார மரவாங்குகள் இருந்தன. வான் நின்றதும் டொலறஸ் அக்கா முதலில் இறங்கினாள். அடுப்பு அங்கே, தண்ணீர் இங்கே என்றாள். அம்பலவாணனிடம் வெங்காயத்தைக் கொடுத்தாள். அவருடைய மனைவியை மா குழைக்க இருத்தினாள். பிறகு குமுதினியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் நடந்திட்டு வாங்கோ. புட்டு அவிய நேரம் கிடக்கு."

நரசிம்மன் கமராவைத் தூக்கினான். "அக்கா, நானும் கூடப் போய் நாலு போட்டோ எடுத்துட்டு வந்துடறேனே?"

"தம்பி, உமக்குத் தேங்காய் திருவ ஏலுமோ?"

"ஏலும்னா... முடியும்க்கா."

"அப்ப இரும்." பாதித் தேங்காயை அவன் கையில் வைத்தாள். "மரம் எங்கையும் ஓடாது."

கடவுள் பெரிய வரங்களை இப்படிப்பட்டவர்களின் கையில்தான் கொடுத்தனுப்புகிறார். அவர்களும் அதை வரம் என்று சொல்லாமல் தேங்காய் திருவுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே தந்துவிட்டுப் போகிறார்கள்.

பாதை வளைந்ததும் அடுப்புச் சத்தம் நின்றுவிட்டது. குமுதினி முன்னால் நடந்தாள். உதிர்ந்த இலை கணுக்கால் வரைக்கும் கிடந்தது. ஒவ்வொரு அடிக்கும் அது சரசரத்தது. சிறுபிள்ளை போல் காலை இழுத்து இழுத்து நடந்தாள். எத்தனையோ சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தாள். சொல்லத் திரும்பியபோது அவன் பின்னால் வரவில்லை. கல்லுப் பாதை முடிந்து இலைகள் தொடங்கும் இடத்தில், கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சிக்னல் இல்லை. திரும்புவம். அண்ணை தேடுவார்," என்றான்.

குமுதினி அவனிடம் திரும்பி வந்தாள்.

"என்னோடை தனிய வர உங்களுக்கு அவ்வளவு கஷ்டமோ?"

"அதில்லையப்பா."

"பின்னை என்ன?"

அவன் இலைகளைப் பார்த்தான். முகம் வெளிறியிருந்தது.

"இந்தச் சத்தம்," என்றான்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். ஊரை விட்டு முதலில் ஜெர்மனிக்கு வந்தபோது, ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் அவர்களைப் போலந்து எல்லையில் ஒரு காட்டுக்குள்ளால் நடத்தினானாம். இதே மாதம், இதே மாதிரி இலை. சத்தம் போட்டால் பிடிபடுவோம் என்றானாம். ஆனால் காலை எங்கே வைத்தாலும் சத்தம்தான். சண்முகராசாவுக்குப் பின்னால் ஒரு பெடியன் நடந்து வந்திருக்கிறான். தனக்கு ஏலாது என்று சொல்லி ஒரு மரத்தடியில் இருந்துவிட்டானாம்.

"நில்லுங்கோ அண்ணை எண்டவன். நான் நிக்கேல்லை. நிக்க விடேல்லை. விடியப் பாக்க அவன் வரேல்லை. அவன்ரை பேர்கூட எனக்குத் தெரியாது, குமுதினி."

அவன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"ஆக்கள் கனபேர் எண்டால் உந்தச் சத்தம் கேக்காது. அதுதான் எல்லாரையும் கூப்பிட்டனான். நீர் ஆசைப்பட்டனீர் எண்டு தெரியும்."

குமுதினிக்கு லண்டன் வீடு நினைவில் வந்தது. எந்த நேரத்தில் மணி அடித்தாலும் எழுந்து போய்க் கதவைத் திறக்கிற மனிதன். யாரிடமும் இடமில்லை என்று சொல்லத் தெரியாதவன். இத்தனை காலமும் அந்த அறைகளை நிறைத்தவர்கள் மேல் அவளுக்கு இருந்த சலிப்பு வெட்கமாக மாறியது. ஆனால் ஆசை மாறவில்லை. அது அங்கேயே நின்றது, இன்னும் கூடுதலாக.

கைப்பையில் கடதாசியில் மடித்த திருநீற்றுச் சரை இருந்தது. அதை எடுத்து, பக்கத்தில் நின்ற மரத்தின் அடியில் ஒரு விரலால் திருநீறு வைத்தாள். பெயர் தெரியாத அந்தப் பிள்ளைக்காகக் கும்பிட்டாள். எங்கேயாவது கலியாணம் கட்டி, பிள்ளை குட்டியோடு இருக்கட்டும்; இல்லையென்றால் இறைவன் பக்கத்தில் இருக்கட்டும். சண்முகராசாவும் கை குவித்தான்.

பிறகு அவள் அவனுடைய கையைப் பிடித்தாள்.

"அந்த மஞ்சள் மரம் வரைக்கும் போவமோ? நான் கதைச்சுக்கொண்டே வாறன். உங்களுக்குச் சத்தம் கேக்காது."

அவன் தலையசைத்தான். அவள் பேசத் தொடங்கினாள். மகள் கறி சமைக்கப் பழகுவதை, டொலறஸ் அக்கா செபமாலையோடு உறங்கிப்போவதை, தான் கலியாணத்துக்காக லண்டன் விமான நிலையத்தில் இறங்கிய நாளில், படத்தில் மட்டும் பார்த்திருந்த அவனை அடையாளம் தெரியாமல் வேறொருவரைப் பார்த்துச் சிரித்ததை. அவன் காலைக் குளிர்ந்த தண்ணீரில் வைப்பவன்போல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். சிரித்த கதைக்கு அவனும் சிரித்தான். மஞ்சள் மரத்தடிக்கு வந்ததும் நின்று மூச்சு விட்டான்.

அதற்கு அப்பால், பாதையின் அடுத்த வளைவில், இரத்தச் சிவப்பாக இன்னொரு மரம் நின்றது. அதற்குப் பின்னால் காடு முழுவதும் கிடந்தது.

"அதுவரைக்கும்?" என்றாள்.

"இண்டைக்கு இவ்வளவும் போதும். காணுமப்பா."

"ஓம், காணும்," என்றாள் குமுதினி.

அவள் அந்தச் சிவப்பு மரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். பேச்சையும் நிறுத்தவில்லை, கையையும் விடவில்லை.