சோடாவில் சிவந்த துணி

கடிகாரம் பழுது பார்ப்பவருக்கு வீட்டில் வைத்த பெயர் நோண்டி. எதையும் பார்த்தோம், போனோம் என்று விடுகிற ஆள் இல்லை. குழாய் சொட்டினால் குழாயைக் கழற்றுவார். கதவு முனகினால் கீலைக் கழற்றுவார். திரும்ப மாட்டி முடித்தபின் எப்படியும் ஒரு திருகாணி மிச்சம் இருக்கும். அந்தத் திருகாணிகளை அவர் மனைவி ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரிப்பாள். இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை.

போவதெல்லாம் புளித்த வாடை. குளிப்பாட்டித் துடைத்து எடுத்தாலும் குழந்தையின் மேலேயே அந்தப் புளிப்பு. தூக்கினால் இறக்கு என்று அலறும், இறக்கினால் தூக்கு என்று அலறும். குழந்தைகள் டாக்டரம்மா எடை போட்டு, தொட்டுப் பார்த்துவிட்டு, நீர்ச்சத்து இன்னும் குறையவில்லை, தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, புதன்கிழமை மறுபடி எடை பார்ப்போம், குறைந்திருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்றார். “நீங்க ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?” என்று தாயையும் கேட்டார். அவள் பக்கத்தில் நின்ற மாமனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இல்லீங்க” என்றாள்.

மாமனார் துறைமுக ஆபீசில் ஓய்வு பெற்றபின் ஹோமியோபதியில் இறங்கியவர். இறங்கியவர் ஏறவே இல்லை. அவர் அறை அலமாரியில் துணிமணிக்கு இடம் கிடையாது, எல்லாம் விரல் உயர பாட்டில்கள். பேத்தியை மோந்து பார்த்த அன்றே துள்ளினார். “டேய், இது ரியூம்ங்கற மருந்துக்கு அச்சு அசல் கேஸ்டா! புளிச்ச வாடை, வயித்து முறுக்கல், எதக் குடுத்தாலும் வேணாங்கற பிடிவாதம். புஸ்தகத்துலேர்ந்து எறங்கி வந்த மாதிரி இருக்கா!” அந்த மருந்து ஏற்றிய சர்க்கரை உருண்டைகளை நீரில் கரைத்துக் கொடுத்தார். நிற்கவில்லை. வீரியத்தைக் கூட்டினார். அப்போதும் நிற்கவில்லை. மருந்து தப்பாக இருக்க வழியே இல்லை. அப்படியானால் தப்பு பாலில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்.

“புதன்கிழமை வரைக்கும் பாப்பேன். எடை குறைஞ்சுதோ, பால நிறுத்திட்டு டப்பாப் பால்தான். டாக்டரம்மா என்ன சொன்னாலும் சரி” என்று கூடத்தில் அறிவித்தார். பேசினால் பேசினதுதான், அவர் பேச்சை அந்த வீட்டில் யாரும் தாண்டியதில்லை.

மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நோண்டி பின்னாலேயே போனார்.

“என் பாலே என் பொண்ணுக்கு ஆகலையாங்க?” என்று கேட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டது அவரை என்னவோ செய்தது. மனசு கலங்கினால் அவருக்குக் கை சும்மா இருக்காது. குழந்தையின் இடுப்புத்துணிகளை அள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

சலவை மெஷின் என்று ஒன்று இருந்தது. முந்தின வாரம் அது ஏன் இப்படி ஆடுகிறது என்று பார்ப்பதற்காக அவரே அதைப் பிரித்துப் போட்டிருந்தார். ஆகவே வாளியில் சலவை சோடாவைக் கரைத்து, சிறுநீர்க் கறை படிந்த ஒரு துணியை முக்கினார். மஞ்சளாக இருந்த கறை கண்ணெதிரே சிவந்தது.

ரத்தம் என்றுதான் நினைத்தார். வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கத்தி எல்லோரையும் கூப்பிட வாயெடுத்தவர், கூப்பிடவில்லை. முக்குவதற்கு முன் அது மஞ்சள்தானே? முக்கியபின் ஏன் சிவந்தது?

அவருடைய கடிகார மேசையிலிருந்து பூதக்கண்ணாடியும் சமையலறையிலிருந்து எலுமிச்சம்பழமும் வந்தன. சிவப்பின் மேல் சாற்றைப் பிழிந்தார். கறை மறுபடி மஞ்சளானது. சோடாவில் முக்கினார், சிவப்பு. ரத்தம் இப்படி நொடிக்கு நொடி கட்சி மாறாது. மஞ்சள்தூள் மாறும், ஆனால் பால்குடிக்கிற குழந்தைக்கு மஞ்சள்தூளை யார் கொடுத்தார்கள்? மனைவியின் அழுக்குத்துணிக் கூடையைக் கிளறினார். பால் கசிந்தால் ஒற்றிக்கொள்ள அவள் மார்பில் வைத்துக்கொள்ளும் கைக்குட்டை அடியில் கிடந்தது. குழந்தையின் சிறுநீர் அதில் பட வழியில்லை. அதையும் முக்கினார். மெல்ல மெல்ல ரோஜா நிறம் ஏறியது.

ஈரக் கையோடு அறைக்கு ஓடினார். “நீ என்ன சாப்பிடற?”

“நீங்க சாப்பிடறதத்தான்.”

“நான் சாப்பிடாதது எத?”

அவள் எழுந்து, புடவை அடுக்குக்குக் கீழேயிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். காவி கலந்த மஞ்சள் பொடி, கூடவே இடிபடாத ஒரு வேர்த்துண்டு. “பிள்ள பெத்ததுலேர்ந்து வெளிக்கே சரியா போகலீங்க. அம்மாதான் அவங்க மருந்துக் கடையிலேர்ந்து குடுத்தாங்க. ஒரு நாள் நல்லா போகும், மறுநாள் முன்னவிட இறுக்கிக்கும். அதனால தெனமும் போட்டுக்கிட்டேன்.”

“எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

“உங்கப்பா கல்யாணப் பேச்சுலயே என்ன சொன்னாரு? உங்க கடைச் சரக்கு எங்க வாசப்படி ஏறக் கூடாதுன்னாரு. டாக்டரம்மா கேட்டப்பவும் பக்கத்துலயே நின்னாரு. வாயே வரலீங்க.”

அவள் அம்மா நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர். போன் போட்ட கையோடு வந்து நின்றார். வேர்த்துண்டைப் பல்லில் வைத்துக் கடித்தார். மணலைக் கடித்தாற்போல் நறநறவென்றது. நாக்கை நீட்டிக் காட்டினார், மஞ்சள். “ரேவல்சின்னி மாப்ள, அசல். முதல்ல வயித்தத் தொறந்து விடும், அப்புறம் தானே கதவச் சாத்திடும். ஒரு வேளைக்குன்னுதான் குடுத்தேன். அடிப் பாவி, தெனமுமா தின்ன? அது பால்ல எறங்கும்டி!” சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பால் கொடுக்கிறவளுக்கு அதைக் கொடுத்தவரே அவர்தானே.

சத்தம் கேட்டு வந்த மாமனார் வேரை வாங்கிப் பார்த்தார். நேரே அறைக்குள் போய்த் தன் ஹோமியோபதித் தடிப் புத்தகத்தோடு திரும்பினார். நோண்டி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ரியூம் என்கிற மருந்து எந்த வேரில் செய்வது என்று முதல் வரியிலேயே இருந்தது. இதே ரேவல்சின்னி.

“நல்ல உடம்புல எது நோய உண்டாக்குமோ, அதையே துளியூண்டு குடுத்தா அந்த நோய் போகும்னு சொல்வீங்களேப்பா” என்றார் நோண்டி. “பாப்பாவுக்கு ஏன் ரியூம் அவ்வளவு கச்சிதமாப் பொருந்திச்சு தெரியுதா? அவ ரேவல்சின்னிதான் குடிச்சிட்டிருந்தா.”

மாமனாரின் முகம் சுருங்கிவிட்டு உடனே மலர்ந்தது. “நான் சொல்லல? மோந்த அன்னைக்கே ரியூம்னு சொல்லல?”

“எங்க சரக்கு அப்படிங்க சம்பந்தி. பாலத் தாண்டிப் போயும் வேல செஞ்சிருக்கு பாருங்க” என்றார் கடைக்கார அம்மா, விட்டுக்கொடுக்காமல்.

இருவரும் மாற்றி மாற்றி ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி பொட்டலத்தைக் கழிவறையில் கொட்டிவிட்டு வந்து, அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். உருண்டை பாட்டிலை மாமனாரே எடுத்து உள்ளே வைத்தார்.

அடுத்தடுத்த நாட்களில் வாளியைச் சுற்றி ஒரே கூட்டம். இன்று ரோஜா நிறம், இன்று வெறும் நிழல் என்று சம்பந்திகள் இருவரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். புதன்கிழமை காலை துணி சிவக்கவே இல்லை. போக்கும் மட்டுப்பட்டிருந்தது. ஆனால் எடை என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் கிளம்பினார்கள்.

டாக்டரம்மா சீட்டைப் புரட்டிவிட்டுப் பழைய கேள்வியையே கேட்டார். “நீங்க மருந்து எதுவும் சாப்பிடல, இல்ல?”

“சாப்பிட்டேன்” என்றாள் மனைவி. இந்த முறை யாரையும் பார்க்கவில்லை. “எங்கம்மா ஒரு வேர் குடுத்தாங்க. மாமா அதே வேரத்தான் பாப்பாவுக்கு உருண்டையில குடுத்தாரு. ரெண்டு பேருக்கும் பயந்துகிட்டு நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். இனிமே யாரு பக்கத்துல நின்னாலும் சொல்லிடுவேன் டாக்டர்.”

சம்பந்திகள் இருவரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். டாக்டரம்மா பொடியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அதுவே காரணமாக இருக்கலாம் என்றார். மலச்சிக்கலுக்கு என்ன செய்வதென்று நான் சொல்கிறேன், இனி என்னைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள் என்றார். பிறகு குழந்தையைத் தராசில் கிடத்தினார். அது அலறியது, காலை உதைத்தது, முள் அங்குமிங்கும் ஆடியது.

பழைய வில் தராசு. வேறு நாளாக இருந்தால் உள்ளே என்ன வில், எத்தனை பல் என்று நோண்டி கேட்டிருப்பார். அன்று கேட்கவில்லை. முள் நின்ற இடம் போன வாரத்து இடத்தைத் தாண்டியிருந்தது. அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் ஏற்கெனவே கையை நீட்டியிருந்தாள்.

“குடுங்க டாக்டர்” என்றாள். “பசிக்குது அவளுக்கு.”