முதலில் நீங்கள் ஓட்டுங்கள், மாமா

யுகேந்திரனிடம் கார் இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் யாரும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியதில்லை. மற்ற ஏஜெண்டுகள் எதற்கெல்லாம் நஷ்டஈடு கிடைக்கும் என்று சொல்வார்கள். இவன் எதற்கெல்லாம் கிடைக்காது என்று சொல்லியே ஆளைக் கலங்கடித்துவிடுவான். குடித்துவிட்டு ஓட்டினால் கிடைக்காது, லைசன்ஸ் காலாவதியானால் கிடைக்காது, லைசன்ஸ் ஒருவகை வண்டிக்கும் ஓட்டுவது வேறுவகை வண்டியுமாக இருந்தால் கிடைக்கவே கிடைக்காது. புக்கிட் பெருவாங் கடைவரிசையில் இருந்த அவன் ஆபீசுக்கு வந்து போகிறவர்கள், பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துத் தெம்பு வரவழைத்துக்கொண்டுதான் காரைத் தொடுவார்கள்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்? அவனுடைய சொந்த லைசன்ஸில் ஒரு வரி இருந்தது. அதை மட்டும் அவன் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. கிளட்ச் இல்லாத கார் மட்டும் ஓட்டலாம் என்பது அந்த வரி. முன்பு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் இடது கணுக்கால் நொறுங்கி, உள்ளே இரும்பு வைத்துத் தைத்திருந்தார்கள். நடப்பான், படி ஏறுவான், கிளட்சைத்தான் முழுசாக மிதிக்க முடியாது. ஆகவே கியர் தானாக மாறும் ஆட்டோ கார். ஊரில் அதை வசதி என்று நினைத்தார்கள். அவனும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

"பொண்ணு வீட்டுல மூச்சு விடாத. காலு கொறைன்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா எவன் பொண்ணு குடுப்பான்?" என்று அவன் அம்மா மீனம்மா சத்தியமே வாங்கியிருந்தாள்.

பெண்ணின் பெயர் கலைமகள். ஆயர் குரோ தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். தன் மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் எடுக்க வந்தவள், அவன் 'கிடைக்காது' பட்டியலை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப எதுக்குத்தான் குடுப்பீங்க?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே மனிதன் விழுந்துவிட்டான். அம்மாவை அனுப்பிப் பெண் கேட்டு, இரண்டு வீடும் பேசி, நிச்சயதார்த்தம் அடுத்த மாதம் என்று முடிவாகியிருந்தது. இந்தப் பெண் கிடைக்காமல் போனால் தன்னால் தாங்க முடியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பெண்ணின் அப்பா காளிமுத்து, ஜாசின் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். மாப்பிள்ளை காரில் வந்து இறங்கும்போது மாமனார் வாசலில் சைக்கிள் நின்றால் நன்றாக இருக்காது என்று, பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டார். கியர் கார். இன்சூரன்ஸ் மாப்பிள்ளையிடம்தான். வேறு யாராக இருந்தாலும் யுகேந்திரன் முதலில் லைசன்ஸைத்தான் கேட்பான். ஆனால் பெண் கொடுக்கப் போகிறவரிடம் 'லைசன்ஸைக் காட்டுங்கள்' என்று போலீஸ்காரனைப் போலக் கேட்பதா? நாக்கு எழவில்லை. "எல்லாம் சரியா இருக்குல்ல மாமா?" என்று மட்டும் கேட்டான். "நான் ஸ்டியரிங் புடிச்சப்ப நீங்க பொறக்கவே இல்ல மாப்ள" என்றார் அவர். மரியாதை காப்பாற்றப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை, ஜாசின் ரோட்டோரத்து முனீஸ்வரன் கோயிலில் காருக்குப் பூசை. விற்ற கடையின் ஆள் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பின்னாலேயே வந்த நண்பனின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். மற்ற ஆண்கள் எல்லாரும் தோட்டத்து வேலைக்காட்டில். கூடியிருந்தது பெண்களும் பிள்ளைகளும் வேலையிலிருந்து ஓய்ந்த கிழங்களும்தான். பூசாரி மாலை போட்டார், சாமிக்குச் சுருட்டு வைத்தார், நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். இனி யாராவது ஏறி, பழத்தை நசுக்கிக்கொண்டு காரை எடுக்க வேண்டியதுதான்.

"ஏறுங்க மாப்ள. வீட்டுக்கு வரப்போற மொத மாப்ள நீங்க. ஒங்க கையால எடுத்தாத்தான் ராசி" என்று காளிமுத்து சாவியை நீட்டினார்.

யுகேந்திரன் ஓர் எட்டுப் பின்னால் வைத்தான். "ஐயோ, பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் எடுத்தா நல்லாவா இருக்கும்? மொதல்ல நீங்க ஓட்டுங்க மாமா."

"நீங்க படிச்சவங்க மாப்ள."

"நீங்க அனுபவசாலி மாமா."

சாவி இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாகப் போய்வந்தது. கிழங்கள் உருகிப்போனார்கள். இந்தக் காலத்தில் இப்படியும் மாமன் மருமகன் மரியாதையா என்று ஒரு கிழவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு இன்னிக்குச் சந்திராஷ்டமம் மாமா" என்றான் யுகேந்திரன். அவனுடைய ராசி என்னவென்று அவனுக்கே தெரியாது.

"எனக்கு மட்டும் என்னவாம்? காலையில தோள்ல பல்லி விழுந்துருச்சு" என்றார் காளிமுத்து.

பூசாரிக்குப் பொறுமை போய்விட்டது. "ராகு காலம் வரப்போவுதுலா! யாராச்சும் ஒருத்தர் எடுங்கய்யா!"

கூட்டம் முழுக்க யுகேந்திரனைப் பார்த்தது. கற்பூரத் தட்டோடு நின்ற கலைமகளும் பார்த்தாள். வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தான். இடது காலைக் கிளட்சில் வைத்து அழுத்தினான். பாதிக்கு மேல் போகவில்லை. கணுக்கால் கிடுகிடுவென்று நடுங்கியது. பழம் நசுங்கும் வேடிக்கையைப் பார்க்கப் பிள்ளைகள் காருக்கு நேர் முன்னால் வந்து நின்றார்கள். ஒரு சின்னப் பெண் குனிந்து எலுமிச்சம்பழத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் பேருக்கு ஒப்பித்த பட்டியல் அவனுக்கு மறந்துபோயிற்று. அந்தக் குழந்தையின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பயந்துபோய்க் கதவைத் திறந்து இறங்கினான்.

"மாமா, என் லைசன்ஸ் ஆட்டோ காடிக்கு மட்டுந்தான். எடது கால்ல பலம் இல்ல, கிளட்ச் மிதிக்க முடியாது. நான் இத ஓட்டி எவனையாவது இடிச்சா ஒங்க இன்சூரன்ஸ் வெறும் காயிதம்."

"காலு ஊனமா?" என்று காளிமுத்துவின் மனைவி அன்னம்மா நெஞ்சில் கைவைத்தாள்.

காளிமுத்துவின் முகம் கறுத்துவிட்டது. மாப்பிள்ளை ஒரே மூச்சில் தம்பியாகிவிட்டான். "இத மறைச்சுட்டா தம்பி பொண்ணு கேட்டு வந்தீங்க? நவுருங்க. என் காடிய நானே எடுத்துக்கறேன்" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஏறப் போனார்.

பெண் போய்விட்டாள் என்று யுகேந்திரன் முடிவு செய்துவிட்டான். ஆனால் மாமனாரே இல்லையென்று ஆனபின் மரியாதை யாருக்கு? இன்சூரன்ஸ் போட்ட அன்று எழாத நாக்கு அப்போது எழுந்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"லைசன்ஸக் காட்டுங்க மாமா."

கால் ஊனம் என்றதற்குக்கூடக் கூட்டம் இவ்வளவு அதிரவில்லை.

காளிமுத்து பர்சை எடுத்தார். திறந்தார். அதில் எதையோ தேடுவதுபோல வெகுநேரம் தேடினார். பிறகு பர்சைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்ற குரலில், "டிராக்டர் லைசன்ஸ்தான் இருக்கு" என்றார். "தோட்டத்துக்குள்ளயே ஓட்டுறவனுக்கு இது எதுக்குன்னு இருந்துட்டேன். நீங்க மொதல்ல எடுத்துட்டீங்கன்னா, அப்புறம் சத்தமில்லாம காடி லைசன்ஸ் எடுத்துக்கலாம்னு…"

கண்ணைத் துடைத்த கிழவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். எல்லாக் கண்களும் கலைமகள் பக்கம் திரும்பின.

"என்னப் பாக்காதீங்க. எனக்கு மோட்டார் சைக்கிள் லைசன்ஸ்தான்" என்றாள் அவள்.

"லைசன்ஸ் இல்லன்னா தள்ளுங்கய்யா!" என்று பூசாரி கத்தினார்.

தள்ளினார்கள். கலைமகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, பின்னால் யுகேந்திரனும் காளிமுத்துவும் பக்கத்தில் பக்கத்தில் தோள்கொடுத்தார்கள். கிழங்களும் பெண்களும் ஒரு கை வைத்தார்கள். கார் தள்ளுவதற்கு லைசன்ஸ் வேண்டியதில்லை என்பதில் யுகேந்திரனுக்குச் சந்தேகமே இல்லை. பழங்கள் நசுங்கின, பிள்ளைகள் கைதட்டினார்கள், கார் கோயில் மரத்தடிவரை போய் நின்றது. அதற்கு மேல் அதை நகர்த்த நாதியில்லை.

காளிமுத்து வேர்வையைத் துடைத்தார். யுகேந்திரனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பெரியவங்க பேசி முடிவு பண்ணணும். சம்பந்தம் சரிப்படாதுன்னு…" என்று அன்னம்மாவிடம் ஆரம்பித்தார்.

கலைமகள் காரிலிருந்து இறங்கினாள். "சொல்லுங்கப்பா. ஆனா ஊருல கேட்டாங்கன்னா, அவங்க மறைச்சத மட்டும் சொல்லக் கூடாது. ஒங்க டிராக்டரையும் சேத்துச் சொல்லணும்."

காளிமுத்து பேச்சை விட்டுவிட்டு முனீஸ்வரனைப் பார்த்தார். சாமி கையில் அரிவாளோடு நின்றதே தவிர, யார் பக்கம் என்று காட்டிக்கொள்ளவில்லை. மெயின் ரோட்டில் வெயில் கொளுத்தியது. தோட்டத்துக்கு நடந்து போவதென்றால் அன்னம்மா தாங்கமாட்டாள்.

"மாப்ள," என்றார் கடைசியில், செருமிக்கொண்டு. "ஒங்க ஆட்டோ காடியில எல்லாருக்கும் எடம் இருக்குமா?"

அந்த 'மாப்ள'யைக் கேட்டதும் யுகேந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது. "அஞ்சு பேருக்குத்தான் மாமா. அதுக்கு மேல ஏத்துனா…" என்று ஆரம்பித்தவன், அதோடு நிறுத்திக்கொண்டான். "இன்னொரு நடை வந்து ஏத்திக்கறேன்."

பெரியவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தான். பிறகு பிள்ளைகளை ஏற்றினான். கலைமகள் எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசி நடைக்குக் காத்திருந்தாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். இவள் கோபம் இன்னும் தீரவில்லை, இனிமேல்தான் தீர்ப்பு என்று அவன் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினான். செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் கார் திரும்பியபோது அவள் கேட்டாள்:

"காலு வலிக்குதா?"

விபத்து நடந்ததிலிருந்து டாக்டர் எலும்பைக் கேட்டார், ஆபீசர் லைசன்ஸைக் கேட்டார், அம்மா யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். இதை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

"மழை நாள்ல வலிக்கும்," என்றான். கொஞ்ச தூரம் போனபிறகு, "இன்னிக்கும் வலிக்குது" என்றான்.